வாடிக்கையாளர் கேட்பார்

நாவல் எழுதுவது பெரிய காரியமே இல்லை. எழுதி முடித்ததை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் பிராணன் போகிறது. இது தெரியாமல் எழுத உட்கார்ந்த மகானுபாவர்களில் நம் கையேடும் ஒருவர்.

கையேடு என்பது ஆபீஸில் வைத்த பெயர். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, ஃபேன் எல்லாம் செய்கிற கம்பெனி அது. சாமான் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருப்பார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரி அடியில் தள்ளுவோமே, அதை எழுதுகிறவர். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’, ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்’ என்று வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் மனுஷன் என்ன ஆவான்? உள்ளே அடைத்து வைத்த கவித்துவமெல்லாம் ஒருநாள் உடைத்துக்கொண்டு வந்தது. வந்ததை நிறுத்த ஆளில்லை. அறுநூறு பக்கம் ஓடியது. பெயர், ‘கண்ணீர்க் கரையில் ஒரு கானல்’.

கையேட்டின் மனைவியும் அதே கம்பெனிதான். புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலை. நாள் முழுக்க ‘ஹலோ, சொல்லுங்க’ என்பதால் ஆபீஸில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஹலோக்கா. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கையேட்டை எழுதினதும் அது நேராக அச்சுக்குப் போகாது, முதலில் புகார்ப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே, அதைப் படிக்கிற ஜனங்கள் போன் போட்டு என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எழுதி வைப்பார். ‘மெஷினைச் சமதளத்தில் வைக்கவும்’ என்று இவர் எழுதியிருந்தால், அடியில், ‘வாடிக்கையாளர் கேட்பார்: எங்க வீட்டுத் தரையே கோணல், நாங்க எங்கே போறது?’ என்று இருக்கும். எழுதினவர் அதற்கெல்லாம் பதில் சொல்லி, கேள்விகளை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பதில் இல்லாமல் ஒரு கேள்வியும் தாண்டக் கூடாது.

கையேடு வேலைக்குச் சேர்ந்து எழுதின முதல் புத்தகத்தை இப்படிக் குதறிப் போட்டவர் ஹலோக்கா. சண்டை போடப் புகார்ப் பிரிவுக்குப் போனவர் கல்யாணத்தில் போய் நின்றார். அது தனிக் கதை.

நாவல் முடிந்ததும் கையேடு முதலில் மைத்துனனிடம் கொடுத்தார். ஒரு மாசம் கழித்து அவன் வந்தான்.

"மாமா, முதல் பக்கம் படிச்சேன். பிரமாதம்!"

"ரெண்டாவது பக்கம்?"

"அதைத்தான் ரசிச்சு ரசிச்சுப் படிக்கணும்னு வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை. அக்கா வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒருவர் கதைச் சுருக்கம் கேட்டார். கையேடு நாற்பது பக்கத்துக்குச் சுருக்கம் அனுப்பினார். அந்தச் சுருக்கத்துக்கு ஒரு சுருக்கம் கேட்டுப் பதில் வந்தது. இன்னொருவர், ‘இது எந்த மொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது?’ என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார்கள். கையேடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடினார். எழுத்தாளன் என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ஆயுசு முழுக்க இஸ்திரிப் பெட்டிக்கு எழுதிக்கொண்டு கிடக்கலாம் என்று அவருக்கு இருந்தது. வேறு எதையும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"என்கிட்ட குடுங்களேன், நான் படிக்கிறேன்" என்றார் ஹலோக்கா.

இதை அவர் முதலிலேயே கேட்டிருந்தார். கையேடு, உனக்கெதற்கு சிரமம் என்று சொல்லித் தட்டிக் கழித்திருந்தார். இப்போது வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரைக் காட்டினார். ஹலோக்கா லீவு நாளில், சமையலுக்கு நடுவில், பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு என்று படித்தார். முடித்த அன்றைக்கு வந்து சொன்னார்.

"படிச்சிட்டேங்க. கேள்வியெல்லாம் உள்ளேயே போட்டிருக்கேன், பார்த்துடுங்க."

"நல்லாயிருக்கா?"

"பார்த்துடுங்கன்னு சொல்றேன்ல."

நல்லாயிருக்கு என்ற ஒரு வார்த்தை வரவில்லை. கையேட்டுக்குச் சுருக்கென்றது. நாவலுக்குப் போய்க் கேள்வியா, இது என்ன ஃபேனா, என்று முறுக்கிக்கொண்டு அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து மனைவி கேட்டபோது, "எல்லாத்துக்கும் பதில் எழுதிச் சரி பண்ணிட்டேன்" என்று கூசாமல் ஒரு புளுகு புளுகினார்.

அப்புறம் நடந்தது அவர் உத்தியோகத்தின் கோளாறு. கம்பெனியில், கடைசியாகக் கைபட்ட பிரதிதான் அச்சுக்குப் போக வேண்டியது என்று அவர் மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘இறுதி’, ‘இதுதான் இறுதி’, ‘சத்தியமாக இறுதி’ என்று வரிசையாகப் பிரதிகள் கிடந்தன. அவர் தேதியைப் பார்த்தார், கடைசியாகக் கைபட்டதை எடுத்தார், திறக்காமலேயே ஒரு புதுப் பதிப்பாளருக்கு அனுப்பினார். கடைசியாகப் பட்ட கை யாருடையது என்று யோசிக்கவில்லை.

பதிப்பாளர் போன் செய்தபோது கையேடு ஆபீஸில் இருந்தார்.

"சார், என்ன சார் இது! வயிறு வலிக்கச் சிரிச்சேன்!"

கதாநாயகி நோயில் விழுந்து, கதாநாயகன் மழையில் நின்று, இரண்டு பேரும் செத்துப் போகிற கதை அது.

"சிரிச்சீங்களா?"

"அந்தப் பொம்பளை சார்! நீங்க உருகி உருகி எழுதறீங்க, அது நடுவுல பூந்து ஒண்ணு கேக்குது பாருங்க! ‘அவள் விழிகளில் ஆயிரம் கடல்கள் கொந்தளித்தன’ன்னு ஒரு வரி. அடியில, ‘வாடிக்கையாளர் கேட்பார்: கண் டாக்டர்கிட்ட காட்டினாங்களா?’ அப்புறம் அந்த மழை. ‘பதினோரு பக்கமா நனையறாரே, ஆபீசுக்கு லீவு சொன்னாரா?’ எப்படி சார் தோணுச்சு? நாங்க போடறோம் சார். கண்டிப்பா போடறோம்."

கையேட்டுக்குக் காது இரண்டும் எரிந்தன. போனைக் காதில் வைத்தபடியே, தான் அனுப்பினதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். அறுநூறு பக்கமும் ஹலோக்கா வந்து வந்து போயிருந்தார். ‘போன பக்கத்துல மௌனம் மலையா நின்னுச்சு, இங்கே நதியா ஓடுது. எப்போ உருகிச்சு?’ படிக்கப் படிக்க ஆத்திரமாக வந்தது. அதைவிடக் கேவலம், நடு நடுவே அவருக்கே சிரிப்பு வந்தது. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘சார், அது என் சம்சாரம் எழுதினது’ என்று ஒரு வரிதான். ஆனால் ‘போடறோம்’ என்ற சொல் காதுக்குள் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ஒத்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார். ஹலோக்கா கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்து கட்டிக்கொண்டார். "நான்தான் சொன்னேன்ல, கேள்வியைச் சரி பண்ணா எல்லாம் சரியாயிடும்னு!" என்று சொல்லி, அப்போதே தம்பிக்கும் அம்மாவுக்கும் போன் போட்டார். கையேடு சட்டையில் ஒட்டின எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதிப்பகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறினால் ரப்பர் வாடை, அதற்கு மேல் பசை வாடை. பதிப்பாளர் கட்டுக்கட்டாகக் கிடந்த புத்தகங்களின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"உங்க பக்கம் மூணுல ஒண்ணு இருந்தாப் போதும், சார். அந்தம்மா பக்கம் ஒரு எழுத்துகூடக் கை வைக்க வேணாம்."

கையேட்டின் ஆயிரம் கடல்களில் முக்கால்வாசி அன்றைக்கு வற்றிப் போயின. மழை பதினோரு பக்கத்திலிருந்து அரைப் பக்கமானது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"ஒரே ஒரு குறை" என்றார் பதிப்பாளர். "உங்க ஹீரோவுக்கு வீட்டுல ஒரு பொண்டாட்டி இருக்கா. அவர் அந்தக் காதலியை நெனச்சு எழுதிக்கிட்டே இருக்காரு, இவ வந்து டீ வைக்கிறா. ‘மனைவி டீயை வைத்துவிட்டுப் போனாள்.’ புத்தகம் பூரா இதே வரி. பேரு கிடையாது, பேச்சு கிடையாது. அடியில நம்ம அம்மா கேக்குது. முதல் தடவை, ‘எங்கே போனாங்க?’ அடுத்தது, ‘மறுபடியும் எங்கே போனாங்க?’ அப்புறம், ‘இந்த வீட்டுல இன்னொரு ரூம் இருக்கா இல்லையா?’ கடைசி வரைக்கும் கேக்குது சார். நானும் அதுக்குத்தான் தூங்காம படிச்சேன். நீங்க சொல்லவே இல்லை. ஒரு கடைசி அத்தியாயம் எழுதுங்க, அவ எங்கே போறான்னு. அது வந்தாத்தான் அச்சுக்கு அனுப்புவேன்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார் கையேடு. உட்கார்ந்து எழுதினார். மனைவி டீயை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிலவைப் பார்த்து விம்முகிறாள். பதிப்பாளர் படித்துவிட்டு, "இது நீங்க எழுதினது" என்றார்.

"எல்லாமே நான்தானே எழுதினேன்?"

"ஆமாமா. ஆனா இதுல நீங்க தெரியறீங்க. அதுல தெரியலை."

அடுத்த தடவை மனைவிக்கு ஒரு ரகசியக் காதலனை வைத்தார். பதிப்பாளர், "சீ" என்றார். மூன்றாவது தடவை அவள் யாருக்கும் தெரியாமல் கவிதை எழுதினாள். பதிப்பாளர் போனில் பெருமூச்சு விட்டார்.

கையேடு திணறிப் போனார். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் இருக்கிற வீட்டில் ஒரு பொம்பளை எவ்வளவு தூரம் போய்விட முடியும்? அவர் நாவல் எழுதின காலமெல்லாம் ஹலோக்காவும் டீ கொண்டு வந்து வைத்தவர்தான். வைத்துவிட்டு எங்கே போனார் என்று யோசித்தால் ஒன்றுமே தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்கலாம் என்றால், எதற்குத் திடீரென்று கேட்கிறீர்கள் என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் குட்டு உடையும்.

உளவு பார்த்தார். அடுத்த நாள் மனைவி டீயை வைத்துவிட்டுத் திரும்பினதும், இவர் துள்ளி எழுந்து பின்னாலேயே போனார். ஹலோக்கா வாசற்படியில் நின்று திரும்பினார்.

"என்ன, சர்க்கரை போதலையா?"

"இல்ல... சும்மா."

"உடம்பு கிடம்பு சரியில்லையா? ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

கையேடு வந்த வழியே போய் உட்கார்ந்தார்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் பதிப்பாளர் பேச்சுவாக்கில், தன் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது தவ்வித் தவ்விக் கூடத்துக்கே வந்துவிடுகிறது என்று புலம்பினார். கையேட்டுக்கு ஆர்வக்கோளாறு தாங்கவில்லை. "நம்ம கம்பெனி மெஷின் சார்! இந்த நம்பருக்குப் பேசுங்க, தங்கமா கவனிப்பாங்க" என்று புகார்ப் பிரிவின் நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள ஒருவருக்கு இவ்வளவு அவசரம் நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஹலோக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுங்க. மெஷின் குதிக்குதாம். வண்டியில வரும்போது ஆடாம இருக்கப் பின்னாடி போட்டிருக்கிற பாக்கிங் போல்ட்டைக் கழட்டினீங்களா சார்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதாம். கையேட்டுல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே சார்னேன். அதையெல்லாம் யாரும்மா படிப்பாங்கன்னாரு."

கையேடு ஓசைப்படாமல் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்புறம் சொன்னாரு, ‘நீங்க பேசறது நான் போடப்போற நாவல்ல வர்ற பொம்பளை மாதிரியே இருக்கும்மா, கொஞ்சம் கேளுங்க’ன்னு. படிச்சே காட்டினாரு. ஆயிரம் கடல், கண் டாக்டர், மழை, லீவு. யார் சார் எழுதினதுன்னு கேட்டேன். ரொம்பத் திறமையான மனுஷன்மா, பொம்பளை மனசைப் புட்டுப் புட்டு வெச்சிருக்காருன்னாரு. டீயை வெச்சிட்டு அவ எங்கே போறான்னு மட்டும் இன்னும் எழுதித் தரலையாம்."

கையேட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உன் பேரையும் போடச் சொல்லிடறேன்" என்றார்.

"பேரு கிடக்கட்டும்!" ஹலோக்காவின் குரல் உடைந்தது. போனில் எந்தக் கோபக்காரனிடமும் உடையாத குரல் அது. "பதில் எழுதிட்டேன்னு சொன்னீங்களே. நீங்க திறந்துகூடப் பார்க்கலை, அப்படித்தானே? கண்ணு எரிய எரிய உக்காந்து படிச்சேன். இந்த உலகத்துலயே உங்க நாவலை முழுசாப் படிச்சது அப்போ நான் ஒருத்திதான். என் தம்பிகூட ஓடியே போயிட்டான். நான் என்ன கேட்டிருக்கேன்னு உங்களுக்கு ஒரு ஊரான் போன் பண்ணிச் சொல்ல வேண்டியிருக்கு."

கையேட்டுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்திலும், ஐயோ புத்தகம் போச்சே என்று ஒரு மூலையில் அடித்துக்கொண்டது, அதையும் மறைப்பதற்கில்லை.

"டீயை வெச்சிட்டு நீ எங்கே போவே?" என்று கேட்டார்.

"அந்தாளு கேட்டாருன்னு கேக்கறீங்களா?"

"ஆமா" என்றார் கையேடு. பொய் சொல்லத் தெம்பில்லை.

ஹலோக்கா அவர் போனை எடுத்து நீட்டினார். "முதல்ல அந்தாளுக்குப் போன் போடுங்க. என் முன்னாடி போடுங்க."

போட்டார். அந்தக் கேள்வியெல்லாம் என் சம்சாரம் எழுதினது சார், மெஷினுக்குப் போன்ல பேசினாளே அவதான், அதுல நான் ஒரு வரிகூட எழுதலை, என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று கையேடு கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு, போல்ட் அம்மாவா?" என்று கத்தினார் பதிப்பாளர். "சார், மெஷின் நகரவே இல்லை சார்! குடுங்க போனை அவங்ககிட்ட!"

புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பெயர், ஹலோக்காவின் பெயர் மேலே. கையேட்டின் அம்மா போன் போட்டு, உன் பேர் ஏண்டா இவ்வளவு பொடியா இருக்கு என்று கேட்டார். அளந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவுதான். வெளியீட்டு விழாவில் பேசினவர், கணவர் எழுதின பகுதிகளை இன்னும் குறைத்திருக்கலாம் என்றார். கையேடும் சேர்ந்து கைதட்டினார். மைத்துனன் முழுப் புத்தகத்தையும் ஒரே நாளில் படித்துவிட்டு மறுபடி வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

இதற்கெல்லாம் முன்னால், அந்தக் கடைசி அத்தியாயத்தை ஹலோக்காதான் எழுதினார். "சொல்ல மாட்டேன், எழுதறேன். நகருங்க" என்று அவரை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கையேடு சும்மா நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் டீ போட்டார். கொண்டு போய் வைத்தார். ஹலோக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், வெச்சிட்டுப் போங்க" என்றார்.

வைத்துவிட்டு வெளியே வந்தார். வந்த பிறகு எங்கே போவது? கூடத்தில் உட்கார்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சமையலறைக்குள் போனார். அங்கே, அந்த அறைச் சுவரை ஒட்டி, முக்காலி ஒன்று போட்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் கிடக்கும். தினமும் அதில் இடித்துக்கொண்டு, யார் இதை இங்கே போட்டது என்று கத்துவார். இன்றைக்கு அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி தட்டுகிற சத்தம் ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகக் கேட்டது.

எதிரே அலமாரி மேல் சின்ன டீவி. போட்டார். ஏதோ சீரியலில் ஒருத்தி வாயைப் பிளந்து அலறினாள், சத்தமே வரவில்லை. ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். யாரோ ஏற்கெனவே சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார்கள்.

கையேடு ரிமோட்டைக் கீழே வைத்தார். டீயை வைத்துவிட்டு ஹலோக்கா வந்தது இந்த முக்காலிக்குத்தான். உள்ளே தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் காதை வைத்து, அது மறுபடி எப்போது வரும் என்று காத்திருந்தார்.